உங்கள் வண்டிக்கு இன்னும் ஐந்து வருஷம், அண்ணி

என் பிரியத்துக்குரிய பிலோமினா அண்ணிக்கு,

நல்ல சேதியோடுதான் எழுதுகிறேன். உங்கள் வெள்ளை வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. போன வியாழக்கிழமை அதிகாரி ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஓட்டியும் பார்த்து, இன்னும் ஐந்து வருஷம் ரோட்டில் ஓடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கல்லறைக்கு வந்து சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே வந்தால் நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எழுதினால் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கலாம். மற்றவர்களும் படிப்பார்கள், படிக்கட்டுமே. ஒன்பது வருஷம் காலை ஏழே முக்காலுக்குச் செஞ்சிக் கடைத்தெருவில் அந்த வண்டியைப் பார்த்தவர்கள்தானே எல்லாரும்?

மீட்டர் இரண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதில் கடைசிப் பதினோராயிரம் கிலோமீட்டர் நான் ஓட்டியது. நம்புங்கள், நானேதான். உங்களோடு ஒரே நாளில் லைசென்ஸ் வாங்கிவிட்டு, அதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிய அதே ரெஜினா. "நாத்தனாரே, லைசென்ஸு புடவை இல்ல, மடிச்சு வெக்கறதுக்கு" என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு அண்ணன் அந்த வண்டியைத் தொடவில்லை என்று சொல்ல முடியாது. தொட்டுக்கொண்டேதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உறையை நீக்குவார். ஈரத்துணியால் கூரையிலிருந்து சக்கரம் வரை துடைப்பார். கண்ணாடியைப் பழைய பேப்பரால் தேய்ப்பார், மறுபடியும் உறையைப் போட்டு நாலு மூலையும் கட்டுவார். கதவை மட்டும் திறக்க மாட்டார். உள்ளே எல்லாம் நீங்கள் விட்டது விட்டபடியே இருந்தது. கண்ணாடிக் கூடு, நீலக்குடை, ஓட்டுநர் சீட்டின் மேல் விரித்த துண்டு, பின் சீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் காலாண்டு விடைத்தாள் கட்டு. மஞ்சள் காமாலை என்று பாண்டிச்சேரிக்குப் போனபோது, ஒரு வாரத்தில் திரும்பி வந்து மிச்சத்தைத் திருத்துவேன் என்றுதானே சொன்னீர்கள்?

வண்டியை விலைக்குக் கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள். அண்ணன் யாரிடமும் கோபப்படவில்லை. கடைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். போட்டோ பிரேம் கடையில் கண்ணாடி வெட்டுகிற மனிதர், மனைவியின் வண்டியையும் ஒரு பிரேமுக்குள் வைத்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் வேறு என்ன இருந்தது?

பதினான்கு மாதம் அப்படிப் போனது.

அதற்குள் எனக்கு நர்ஸ் வேலையில் தொண்டூர்ப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. பழைய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தவளுக்கு, இப்போது ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ், அதற்குப் பிறகு இரண்டு கிலோமீட்டர் நடை. ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். வல்லம் தாண்டி ரோட்டில் மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கினேன், சக்கரம் வழுக்கிவிட்டது. ஊசி போடுகிற கையிலேயே மாவுக்கட்டு. ஆறு வாரம். மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர், அதுதான் உங்கள் வீட்டு மாப்பிள்ளை, போனில் புதுக் கார் ஒன்று பார்க்கச் சொன்னார். நான் அண்ணனிடம் போய் நின்றேன். வீட்டில் ஒரு கார் சும்மா நிற்கும்போது புதிதாக எதற்கு என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

அண்ணன் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், "அது ஓடாது" என்றார். ஓட வைக்கலாமே என்றேன். "ஓடாதுன்னு சொல்றேன் இல்ல" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஜெனி கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தபோதுதான் விஷயம் திரும்பியது. உங்கள் நீலக்குடை வேண்டும் என்று உங்கள் மகள் கேட்டாள். மகள் கேட்டால் அண்ணனால் மறுக்க முடியாது என்று உங்களுக்கே தெரியும். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார், கூடவே வந்தும் நின்றார். நானும் அங்கே இருந்தேன். ஜெனி கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம். பின் சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே தொங்கியது. விடைத்தாள் கட்டு இருந்த இடத்தில் நூல் மட்டும் கிடந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து முன்மூடியைத் தூக்கினார். இஞ்சின் மேலே அழகாக ஒரு எலிக்கூடு, அண்ணி. சீட்டுப் பஞ்சும் விடைத்தாள் துண்டுகளுமாக. வயர்களைக் கடித்து அதையும் கூட்டில் செருகியிருந்தது. துண்டுத் தாள்களில் உங்கள் சிவப்பு மை சரி போட்டது அங்கங்கே தெரிந்தது. ஒன்றில் பாதிப் பெயர், ஒன்றில் பத்துக்கு எட்டு. அண்ணன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேலே துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாரே, உள்ளே இப்படி ஆகிவிட்டதே என்று அவர் முகத்தில் தெரிந்தது. என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

ஜெனிதான் பேசினாள். "நைனா, அம்மா இத பாத்திருந்தா எலிய திட்ட மாட்டாங்க. நம்மளத்தான் திட்டுவாங்க."

மறுநாள் காலை அண்ணன் என் வீட்டுக்கு வந்து சாவியை மேசை மேல் வைத்தார். "எடுத்துக்கோ. ஆனா எதையும் மாத்தக் கூடாது. அவ ஓட்டனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஓடணும்" என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன். வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

திண்டிவனம் ரோட்டில் இஸ்மாயில் பாய் பட்டறைக்கு வண்டியைக் கயிறு கட்டித்தான் இழுத்துப் போனோம். உங்கள் வண்டியைப் பார்த்ததும் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பானெட் மேல் கை வைத்து நின்றார். பிறகு வேலைக்காரராக மாறிவிட்டார். கீழே படுத்தார், மேலே குனிந்தார், எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். இஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது, டீச்சரம்மா நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டி, சுற்றி இருப்பதுதான் போய்விட்டது என்றார். பேட்டரி செத்திருந்தது. டயர் நாலும் நின்ற இடத்திலேயே வெடிப்பு விட்டிருந்தது. டேங்கில் பழைய டீசல் கெட்டிருந்தது. வயர், ரப்பர் குழாய், டைமிங் பெல்ட், கிளட்ச் பிளேட் என்று சொல்லிக்கொண்டே போனார்.

நான் அண்ணனின் நிபந்தனையைச் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சிஸ்டர் பண்றது? எதையும் மாத்தாம ஓட்டணும்னா, தள்ளிக்கிட்டுதான் போவணும்."

அதை அண்ணனிடம் அப்படியே போய்ச் சொன்னேன். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாற்றலாம், ஆனால் கழற்றிய பொருள் ஒவ்வொன்றும் வீட்டுக்கு வர வேண்டும். அப்படித்தான் சாக்கு ஆரம்பித்தது. முதல் வாரம் பெல்ட்டும் குழாய்களும். அடுத்த வாரம் கிளட்ச் பிளேட், தேய்ந்த பிரேக் கட்டை, ஷாக் அப்சார்பர். மாதம் முடிவதற்குள் வராந்தாவில் மூன்று சாக்கு நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் அரிசி மூட்டை என்று நினைத்துத் தொட்டுக் கையைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். எதற்கு இதெல்லாம் என்று ஜெனி போனில் கேட்டால், "இருக்கட்டும்" என்பதோடு சரி.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை நான் முதல்முதலாக அதைத் தொண்டூர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். இருபது கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆனது. என்னை ஒரு மாட்டு வண்டிகூட முந்தியிருக்கும். ஆனாலும் வேலைக்குப் போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட்டபோது எனக்குள் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பத்தாவது பாஸ் ஆன அன்று இருந்த மாதிரி இருந்தது.

இப்போது நாற்பது நிமிஷம்தான். காலையில் ஊரைத் தாண்டியதும் பின்கண்ணாடியில் கோட்டை மலைகள் மூன்றும் ஒன்றாகத் தெரிகிற ஒரு இடம் இருக்கிறது, அங்கே நான்காவது கியர் போடுவேன். வழியில் எங்கள் லேப் பெண்ணும் மருந்தாளுநரும் ஏறிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக் கதை எல்லாம் பேசிக்கொண்டு வருவார்கள். வண்டி ஒரு லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுக்கிறது. மேட்டில் கொஞ்சம் முனகும். குளிர் காலையில் முதல் தடவை பிடிக்காது, இரண்டாவது தடவை பிடித்துக்கொள்ளும். அதன் குணம் எனக்குப் பழகிவிட்டது.

இன்னொரு விஷயம் கேளுங்கள். வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால் நீங்கள் போனிலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவீர்களாமே? பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டீச்சரம்மா "கிர்ர்ர்" என்றால் பேரிங், "டக் டக்" என்றால் புஷ், நேரில் பார்க்காமலேயே பொருளை வாங்கி வைத்துவிடுவேன் என்றார். நானும் முயற்சி செய்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் போனில் "ஙொய்ங்" என்று கத்தியதை வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லாரும் பார்த்தார்கள். பாய்க்குப் புரியவில்லை. உங்கள் குரல் எனக்கு இல்லை, அண்ணி.

சிலவற்றை நானாகவே மாற்றினேன். மங்கி மஞ்சளாகிப்போன முன்விளக்கை எடுத்துவிட்டு வெளிச்சமான புது விளக்கு போட்டேன். மாசிப் பனியில் அது இல்லாமல் முடியவில்லை. பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்று எச்சரிக்கிற கருவி ஒன்றும் வைத்தாயிற்று. பின் சீட்டுக்குப் புது உறை, புது பெல்ட். ஒவ்வொன்றையும் அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் செய்தேன். அவர் பார்ப்பார், தலையாட்டுவார், பழையதை வாங்கிச் சாக்கில் போடுவார். ஆனால் வண்டியில் மட்டும் ஏற மாட்டார். கோயிலுக்குக் கூப்பிட்டால்கூட நடந்தே வருவார்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமான பகுதி.

ஓட்டுநர் சீட்டை நான் மாற்றவில்லை. அதை மட்டும் தொடாதே என்று அண்ணன் தனியாகச் சொல்லியிருந்தார். நீங்கள் உயரம், நான் உங்கள் தோளுக்கு வருவேன். சீட்டு உங்கள் உடம்புக்குப் பழகிக் குழிந்திருந்தது. முன்னால் தள்ளலாம் என்றால் அடியில் சீட்டு நகரும் தண்டவாளம் துருப்பிடித்து இறுகிவிட்டது. முதுகுக்கு ஒரு தலையணை, கீழே ஒரு தலையணை வைத்து ஓட்டினேன். கிளட்சை முழுக்க மிதிக்க நுனிக்கால்தான் எட்டும். முதுகு வலித்தது, பழகிவிடும் என்று விட்டேன்.

அக்டோபரில் நல்ல மழை பெய்து விட்டிருந்த ஒரு மதியம். வேலை முடிந்து திரும்பும்போது ஏரிக்கரை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர். நிறுத்த வேண்டியதாயிற்று. கிளட்சை மிதித்தேன், தலையணை நழுவியது, கால் எட்டவில்லை. இஞ்சின் நின்றுவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்கைத் தேடிய கால் வழுக்கியது. கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். நின்றது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் கரையின் விளிம்பில் பாதி மண்ணிலும் பாதி வெளியிலும் இருந்தது. கீழே ஏரி நிறையத் தண்ணீர். டிராக்டர்க்காரர் ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த லேப் பெண் கரையில் இறங்கி நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு இரண்டு வயதில் பிள்ளை இருக்கிறது.

நேராகப் பட்டறைக்குப் போனேன். இந்த சீட்டைக் கழற்றிவிட்டு என் காலுக்கு எட்டுகிற மாதிரி வேறு போடுங்கள் என்றேன். அண்ணனிடம் கேட்டீர்களா என்று பாய் கேட்டார். கேட்டாயிற்று என்று பொய் சொன்னேன்.

மறுநாள் பழைய சீட்டைக் கொண்டுபோய் அண்ணன் வீட்டில் இறக்கினேன். அண்ணன் அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. சீட்டைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. கல்லறைத் திருநாளுக்கு உங்கள் பக்கத்தில் வந்து நின்றோமே, அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஆளுக்கொரு வழியாகப் போனோம். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சோறு போட்டே பேச வைத்திருப்பீர்கள்.

ஏரிக்கரையில் நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சாவியை வாங்கிவிடுவார் என்று பயம். கோபமும் இருந்தது. கேட்காமலேயே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாரே, நான் எதற்கு விளக்க வேண்டும்?

டிசம்பர் வந்தது. வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடியப்போகிறது, பதிவைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டில் ஓட்டக்கூடாது என்று பாய் நினைவுபடுத்தினார். அதற்கு முன்னால் பதிவு அண்ணன் பெயருக்கு மாற வேண்டும். வாரிசுச் சான்றிதழ் எப்போதோ வாங்கியாயிற்று. அண்ணன் கையெழுத்துதான் போடவில்லை. ஜெனி இரண்டு தடவை கேட்டும் அப்புறம் அப்புறம் என்றே தள்ளிவிட்டாராம். காரணம் எனக்குத் தெரியும். அந்தப் பதிவு அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தது.

வேறு வழியில்லாமல் படிவத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணன் ஒரு கண்ணாடியை அளந்துகொண்டிருந்தார். நான் காகிதத்தை மேசை மேல் வைத்தேன். அவர் படித்தார். நாற்பது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "சீட்ட எடுத்தாச்சு. இப்ப பேரையும் எடுக்கணுமா?"

காகிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தலையணை, டிராக்டர், கைப்பிரேக், வெளியே தொங்கிய சக்கரம், லேப் பெண் அழுதது, பாயிடம் சொன்ன பொய். அண்ணன் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார்.  வாடிக்கையாளர் ஒருவர் வந்தார், கொஞ்சம் பொறுங்கள் என்று அண்ணன் கையைக் காட்டினார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஓட்டவே வுட மாட்டேன்னு நெனச்சேன் அண்ணே."

"வுட்டிருக்க மாட்டேன்தான்" என்றார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். அப்புறம், "நீ அந்த ஏரில போயிருந்தா, அந்த சீட்ட வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன் ரெஜினா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. என் கல்யாணத்தன்று என்னை அனுப்பிவைத்தபோதுகூட நான் பார்த்திராத முகம் அது.

பேனாவை எடுத்து மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை அவரும் வர வேண்டியிருந்தது. வண்டியில் ஏறினார். நீங்கள் ஓட்டும்போது உட்காரும் அதே முன் சீட்டு. பெல்ட்டைத் தானாகப் போட்டுக்கொண்டார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வேனும் இரண்டு லாரியும் நின்றன. அதிகாரி சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். விளக்கு, ஹாரன், வைப்பர், பிரேக் எல்லாம் பார்த்தார். சாவியை வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். எத்தனை கிலோமீட்டர் என்று மறுபடியும் குனிந்து மீட்டரைப் பார்த்தார். யார் பராமரிக்கிறது என்று கேட்டார். நான் பாய் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் முந்திக்கொண்டு, "எங்க வீட்டம்மா சார்" என்று சொல்லிவிட்டார். அதிகாரி என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேரும் திருத்தவில்லை.

திரும்பும்போது கடைக்குப் போகலாமா என்று கேட்டேன். உங்கள் பள்ளிக்கூடம் இருக்கிற பனமலைக்குப் போகலாம் என்றார் அண்ணன். ஒன்பது வருஷம் நீங்கள் தினமும் போய்வந்த ரோடு, அதில் அவர் ஒரு தடவைகூட உங்களோடு வந்ததில்லையாம். கடை இருந்தது, கடை இருந்தது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அனந்தபுரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. அங்கிருந்த ஆள் வண்டியைப் பார்த்ததும் ரோட்டுக்கு ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினார். ஏதோ சக்கரத்தில் காற்று இல்லை போல என்று நிறுத்தினேன். அவர் பெயர் சேகர். உள்ளே பார்த்தார், நீங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. "டீச்சர் ஸ்டெப்னி எங்கிட்ட இருக்குதுங்க" என்றார்.

உங்கள் வண்டியில் மாற்றுச் சக்கரம் இல்லாததைப் பாய் முதலிலேயே சொல்லியிருந்தார். யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து, பழைய சக்கரம் ஒன்றைத் தேடி வாங்கி வைத்திருந்தோம். காய்ச்சல் வந்த வாரம் பஞ்சர் போடக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனீர்களாம். இரண்டு வருஷத்துக்கு மேல் அவர் அதைக் கடைக்குள் மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். சாக்பீஸால் டீச்சர் என்று எழுதி வைத்திருந்தார். செஞ்சியில் வீடு எங்கே என்று தெரியாது, வண்டி என்றைக்காவது இந்தப் பக்கம் வரும் என்று வைத்திருந்தேன் என்றார்.

அண்ணன் இறங்கி அந்தச் சக்கரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். அடிக்கடி பஞ்சர் ஆகுமா என்று கேட்டார்.

"மாசத்துக்கு ஒண்ணு ஆவும் சார். கருவேல முள்ளு. டீச்சரே ஜாக்கி போட்டு, சக்கரத்த மாத்திக்கினு, பஞ்சரானத இங்க குடுத்துட்டுப் போவாங்க. பொடவைய இப்படி இழுத்துச் செருவிக்கினு. நான் பண்றேன்னாலும் கேக்க மாட்டாங்க."

உங்களுக்குச் சக்கரம் மாற்றத் தெரியும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது, அண்ணி. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வீட்டில் சொன்னதில்லையே. மாலையில் வந்து கை கழுவிவிட்டுத் தோசை ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். நாங்களும் கேட்டதில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் அண்ணன் ஓட்ட விடமாட்டார் என்று நீங்களும் நினைத்தீர்களா?

பனமலை வரை அண்ணன் ரோட்டோரக் கருவேல மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏரிக்கரையில் நிறுத்திக் கோயிலை ஏறிட்டுப் பார்த்தோம், பள்ளிக்கூட மணி அடித்தது கேட்டது, உள்ளே போகவில்லை. திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. சிறுவள்ளிக்கிழங்கு அவித்து விற்ற அம்மாவிடம் வாங்கி, வண்டியிலேயே உரித்துச் சாப்பிட்டோம். தோலை எங்கே போடுவது என்று அண்ணன் கேட்டார், கதவுப் பையில் போடு என்றேன். ஆறு வருஷத்துக் கதை, பத்து வருஷத்துக் கதை என்று பேசிக்கொண்டே வந்தோம். நீங்கள் மட்டும்தான் குறை.

சாக்குகளில் இரண்டைப் பழைய இரும்புக் கடைக்கு அவரே எடுத்துப் போய்ப் போட்டுவிட்டார். ஒன்று இன்னும் இருக்கிறது. சீட்டும் உள்ளறையில் இருக்கிறது, அதில் உட்கார்ந்துதான் மாலையில் பேப்பர் படிக்கிறார். இருக்கட்டும், அதைப் பற்றி நானும் பேசுவதில்லை.

கடைசியாக ஒரு சேதி. ஐம்பத்தேழு வயதில் அண்ணன் பழகுநர் உரிமம் வாங்கியிருக்கிறார். நீங்கள் எத்தனையோ தடவை கூப்பிட்டும் ஸ்டீயரிங்கைத் தொடாத மனிதர், இப்போது தினமும் காலை ஆறரைக்கு என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். மைதானத்தில் முதல் கியரில் வட்டமடிக்கிறோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இஞ்சினை நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு வண்டியைத் திட்டுவார். இன்றைக்கு முதல்முதலாக இரண்டாவது கியர் போட்டார். போட்டுவிட்டு, சரியாக விழுந்ததா என்று என் முகத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார் அண்ணே என்றேன். நாளைக்கு ஜாக்கி போடச் சொல்லிக்கொடு என்கிறார். எனக்கே தெரியாது, இரண்டு பேரும் சேகரிடம் போய்த்தான் கற்றுக்கொள்ளப் போகிறோம்.

அண்ணி, வண்டியைப் புதுசு போல வைத்திருப்பேன் என்று நான் சொல்ல மாட்டேன். அது நடக்காது. இந்த ஐந்து வருஷத்தில் இன்னும் எத்தனையோ தேயும், எத்தனையோ மாறும். ஆயிலை நேரத்துக்கு மாற்றுவேன், சத்தம் வந்தால் அன்றைக்கே பாயிடம் காட்டுவேன். அதைவிட முக்கியமாக ஒன்று. வழியில் வண்டி சறுக்கினாலும், பஞ்சர் ஆனாலும், எனக்குப் பயமாக இருந்தாலும், அன்று மாலையே வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிவிடுவேன். அவரும் எனக்குச் சொல்வார். இது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் சீட்டில் இல்லாவிட்டாலும் உங்கள் வண்டியில் தினமும் போய்வரும்,
உங்கள் நாத்தனார்
ரெஜினா